மூச்சக்கா படத்துக்கு நிற்கிறாள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமாகத் தோன்றியது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்டுடியோவின் காத்திருப்பு அறையில் ஒட்டுக் கேட்டது. என் புத்தகத்தின் பின்னட்டைக்குப் படம் வேண்டும் என்று பதிப்பாளர் நச்சரித்ததால் அங்கே போயிருந்தேன். வீட்டிலிருந்து நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, கீழே 'கண்டுபிடித்துத் தருவோருக்குத் தக்க சன்மானம்' என்று போட்டால்தான் பொருந்தும் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஸ்டுடியோவில் எனக்கு முன்னால் ஒரு பெண்மணி உள்ளே இருந்தார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபோட்டோக்காரரின் குரல் மட்டும் கேட்டது.

"மேடம், மூச்சு விடுங்க."

கொஞ்சம் கழித்து, "மேடம், தயவு செஞ்சு மூச்சு விடுங்க."

அப்புறம் கெஞ்சலாக, "மேடம், நீங்க விட்டாத்தான் நான் விட முடியும்."

இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தலை வாரிக்கொள்ளச் சொல்லி என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டார்கள். வாருவதற்கு அங்கே அதிகம் இல்லை, இருந்தாலும் போனேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண்மணி கிளம்பிப் போயிருந்தார். ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

படம் எடுத்துக்கொள்ளும்போது ஒரு மனுஷி ஏன் மூச்சைப் பிடிக்க வேண்டும்?

முதல் வரைவில் அவளை நீச்சல் பயிற்சியாளர் ஆக்கினேன். 'குளத்தின் ஓரத்தில் விசிலோடு நின்ற அவள், தன் முகம் தண்ணீரில் நெளிவதைப் பார்த்து'

வேண்டாம். நீச்சல்காரர்களுக்கு மூச்சை விடவும் தெரியும். அதோடு, தண்ணீரில் முகம் பார்க்கும் பாத்திரங்களை இனிமேல் எழுதுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

இரண்டாவது வரைவில் அவள் புல்லாங்குழல் வாசித்தாள். எழுத ஆரம்பித்த வேகத்தில் காற்று, மூங்கில், ஆன்மா என்று என் பேனா எங்கேயோ போய்விட்டது. காதைத் திருகி இழுத்து வந்தேன்.

மூன்றாவது வரைவு வருவதற்குள் எனக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். சட்டையைக் கழற்றி, நெஞ்சைப் பலகையில் ஒட்டி, முகவாயைத் தூக்கி, சுவரைப் பார்த்து நின்றேன். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. ஒரு சின்னச் சத்தம். விடுங்க.

விட்டேன். கதை கிடைத்துவிட்டது. சளி அப்படியேதான் இருந்தது.

(ஓர் இடைச்செருகல். தமிழில் படம் எடுப்பவர்கள் நான்கு வகை: சினிமாக்காரர், ஃபோட்டோக்காரர், எக்ஸ்ரேக்காரர், பாம்பு. நான்குக்கும் வினைச்சொல் ஒன்றுதான். நான்கின் முன்னாலும் மனிதன் அசையாமல்தான் நிற்கிறான். இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பாம்பைத் தாண்டி நகரவில்லை.)

3

அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. தேவையும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் வாயிற்காவலர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் மூச்சக்காதான். நாளெல்லாம் இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வரும்? நாற்பதைத் தாண்டியவள். எவ்வளவு தாண்டியிருக்கிறாள் என்று கேட்கும் தைரியம், அவளைப் படைத்தவனாக இருந்தும், எனக்கு இல்லை.

அவள் வெறுமனே சொல்கிறவள் அல்ல, கூடவே செய்கிறவள். நோயாளியை 'இழுங்க' என்னும்போது அவளும் இழுப்பாள். 'பிடிங்க' என்னும்போது தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவளும் பிடிப்பாள். அப்போதுதான் நிற்கிறவரால் எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்று அவள் உடம்புக்கே தெரியும். படம் விழுந்ததும் 'விடுங்க' என்பாள். இரண்டு பேரும் சேர்ந்து விடுவார்கள். வேலை கற்ற நாளிலிருந்தே ஊறிப்போன பழக்கம். இப்படி ஒரு பழக்கம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்தால் அவர் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார் என்பது என் கணக்கு. உட்காருங்கள்.

எக்ஸ்ரே பிரிவின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. 'பிரிவுத் தலைவர்' என்று போட்டு, கீழே டை கட்டிய ஒரு பெரியவரின் படம். அவர் ஓய்வு பெற்றுப் போய் நாளாகிறது. அவருடைய நாற்காலி மூச்சக்காவுக்கு வந்துவிட்டது, சாவிக்கொத்து வந்துவிட்டது, தலைவலிகளும் வந்துவிட்டன. படம் மட்டும் மாறவில்லை. ஏனென்றால் அவள் தன் படத்தைக் கொடுக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் 'இதோ தர்றேன் சார்' என்று தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது எல்லாப் பிரிவுகளுக்கும் புதுப் பலகை மாட்டப் போகிறார்கள். நிர்வாக அலுவலர் நேரிலேயே வந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தந்துடுங்கம்மா. தரலன்னாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. படம் இல்லாதவங்களுக்கு ஒரு பொது உருவம் போட்டுடறோம்."

எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு தலை, இரண்டு தோள். முகம் இல்லை. ஆனால் டை இருந்தது.

"மூஞ்சி இல்லன்னாலும் டை இருக்கே சார்."

"அது பொதுவா போடறதும்மா."

அவர் தலை மறைந்ததும் அவள் ஸ்டுடியோவுக்கு ஃபோன் போட்டாள்.

4

இத்தனை நாள் ஏன் தண்ணி காட்டினாள்? அவளிடம் உருப்படியாக ஒரு படம்கூட இல்லை. இந்த வேலைக்கு வந்த பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் தோள் இரண்டும் காது வரை ஏறி, கன்னம் உப்பி, கண் விரிந்து, யாரையோ அறையப் போகிறவள் மாதிரி நிற்கிறாள். கடற்கரையில் அப்படி. மகளின் பள்ளி விழாவில் அப்படி. தங்கையின் கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் அவள் நிற்பதைப் பார்த்தால் இந்தக் கல்யாணத்தில் அவளுக்குச் சம்மதம் இல்லை என்றே தோன்றும். மகள் அந்தப் படங்களுக்கு 'அம்மா பலூன்' என்று பெயர் வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மூச்சக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, உள்ளுக்குள் ஒரு முடிவு கட்டிவிட்டாள்: என் மூஞ்சியே அப்படித்தான். அதன் பிறகு வீட்டில் யார் படம் எடுக்க எழுந்தாலும் 'குடு, நான் எடுக்கறேன்' என்று கேமராவை வாங்கிக்கொண்டாள். இப்போது புரிகிறதா, அதற்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் அவள் ஏன் இல்லை என்று.

ஸ்டுடியோவுக்குப் போகிற நாள் காலையில் தங்கை ஒரு பை நிறையத் துணிகளோடு வந்து இறங்கினாள். அவள் திரைச்சீலைக் கடையில் வேலை பார்ப்பவள். யார் வீட்டு ஜன்னலுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று சொல்லிச் சொல்லி, மனிதர்களையும் ஜன்னலாகவே பார்க்கப் பழகிவிட்டாள்.

"அக்கா, இந்த ஊதா மேல்சட்டையப் போடு. உனக்கு வெளிச்சத்த நல்லா உள்ள வாங்கும்."

"நான் என்ன ஜன்னலாடி?"

"ஜன்னலா இருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன். அது வாயை மூடிக்கிட்டு நிக்கும்."

மகள் கட்டிலில் படுத்தபடி யோசனை சொன்னாள். "அம்மா, சிரிக்கிறப்ப நாக்க மேல அண்ணத்துல ஒட்டிக்கோ. தாடை எடுப்பா தெரியும்."

மூச்சக்கா கண்ணாடி முன்னால் நின்று நாக்கை ஒட்டிக்கொண்டு சிரித்தாள். சூடான எதையோ விழுங்கிவிட்டுச் சமாளிப்பவள் போல இருந்தது. "பல்லு தெரியக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. அளவா சிரிக்கணுமாம்" என்றாள் நாக்கை எடுக்காமலேயே. அது யாருக்கும் புரியவில்லை.

தங்கை உதட்டுச் சாயத்தைத் தீட்டினாள், மகள் துடைத்தாள். மேலே போட்ட ஆஸ்பத்திரிக் கோட்டின் காலரைத் தங்கை தூக்கினாள், மகள் மடக்கினாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவர் தன் பங்கைச் செலுத்தினார்.

"எதுக்கு இந்த அலட்டல்? நீ நீயா இரு, போதும்."

எல்லாவற்றிலும் மோசமான யோசனை அதுதான். அவள் அவளாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்குத்தான் வீட்டில் ஆல்பம் ஆல்பமாகச் சாட்சி இருக்கிறதே.

5

இங்கே என் மனைவி நுழைகிறாள். இதுவரை எழுதியதைப் படிக்கக் கொடுத்திருந்தேன்.

"ஒரு ஃபோட்டோவுக்கு இவ்வளவு பாடா? சுவத்துல படம் வந்தா என்ன, வராட்டி என்ன? உங்க மூச்சக்கா கொஞ்சம் அலட்டல் பேர்வழியா இருக்காளே."

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. இரண்டு நாள் அவளை மேசை மேலேயே விட்டுவிட்டு, வேறு வேலை பார்த்தேன். பிறகு, எழுதாமல் விட்டிருந்த ஒரு காட்சியை எழுதினேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அபூர்வம் என்பதால் இங்கே சேர்க்கிறேன்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒருவர் தன் அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அண்ணனுக்குப் படம் எடுத்தாகிவிட்டது. மூச்சக்கா அதைத் திரையில் பார்த்து, தோள் எலும்பு மறைக்கிறது என்று கண்டு, மறுபடி நிற்க வைத்து, மறுபடி எடுத்து, திருப்தியாகி, வெளியே வந்து, "நல்லா விழுந்திருக்கு, கூட்டிட்டுப் போகலாம்" என்கிறாள். அவர் நகரவில்லை. பலகையில் இருக்கிற டைக்காரரைக் கையால் காட்டுகிறார்.

"பெரிய சார் பாத்துட்டாராம்மா?"

நான்தான் பெரிய சார் என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்கிறது. ஆரம்பத்தில் சொல்லியும் பார்த்தாள். சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு சந்தேகம் வரும், அதைத் துடைக்க இன்னும் நாலு வார்த்தை பேச வேண்டும், அதற்குள் உள்ளே அடுத்தவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிரில் நிற்பார். அதனால் இப்போதெல்லாம் சுருக்கமாக முடித்துவிடுகிறாள்.

"பாத்துட்டாரு."

தன் வேலையைத் தன் வாயாலேயே இன்னொருவருக்குத் தாரை வார்க்கிறாள், தினமும். அது அவளுக்கு வலிக்கிறது. அந்தச் சுவரில் அவள் முகம் ஏற வேண்டும், ஆனால் அந்த முகம் ஏறுவதற்கு லாயக்கில்லை என்று அவளே நம்புகிறாள். கதை இவ்வளவுதான். பாக்கியெல்லாம் துணியும் உதட்டுச் சாயமும்.

6

ஸ்டுடியோ. முக்காலி ஒன்றில் அவளை உட்கார வைத்தார் ஃபோட்டோக்காரர். பருமனான உடம்பு, மெல்லிய குரல், எதற்கும் கோபப்படாத ஆசாமி. (கோபக்காரராக எழுதிப் பார்த்தேன். அவள் எழுந்து போய்விட்டாள், கதையும் கூடவே போய்விட்டது.) தங்கை துணிப்பையை மார்போடு அணைத்தபடி ஓரத்தில் நின்றாள்.

"முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க மேடம். தோளைத் தளர்த்துங்க. ஆங், அப்படித்தான். அசையாதீங்க."

வந்தது வினை. அந்தச் சொல்லை அவள் இத்தனை வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். காதில் விழுந்ததும் உடம்பு தன் வேலையைப் பார்த்தது. மூச்சு உள்ளே போனது, தோள் ஏறியது, கன்னம் உப்பியது, கண் விரிந்தது. கேமரா சத்தம் போட்டது. உடம்பு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது. எந்த ஃபோட்டோக்காரர் 'விடுங்க' என்று சொல்கிறார்?

"மேடம், மூச்சு விடுங்க" என்றார் இவர், படத்தைப் பார்த்துவிட்டு.

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

மறுபடி எடுத்தார். மறுபடி பலூன். கோட்டைக் கழற்றினார்கள், போட்டார்கள். ஒரு ஜோக் சொன்னார். சிரித்தாள், அவர் கேமராவைத் தூக்கியதும் சிரிப்பு அப்படியே உறைந்தது. தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். அந்தப் புள்ளியை மிரட்டினாள். கடைசியில் அவளே சொன்னாள்.

"விடுங்க சார். என் மூஞ்சியே அப்படித்தான். உங்க மேல தப்பில்ல."

அதைச் சொன்ன குரலில் வருத்தம்கூட இல்லை என்பதுதான் தங்கைக்கு என்னவோ செய்தது.

அவர் கேமராவைத் தாழ்த்தினார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க மேடம்?"

"எக்ஸ்ரே எடுக்கறேன்."

"அட, நீங்களும் படம் எடுக்கறவங்கதானா? அப்ப எனக்கு ஒண்ணு எடுங்களேன்."

"மெஷின் இல்லாம எப்படி?"

"இருக்கற மாதிரி வெச்சுக்குங்க."

கேமராவை அவளுக்கு நேராக ஸ்டாண்டில் மாட்டினார். கேமராவிலிருந்து நீண்ட கம்பியின் முனையில் இருந்த சின்னப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச்சுவரோடு சுவராக நெஞ்சை ஒட்டி நின்றார். பார்க்க வேடிக்கையாக இருந்தது. மூச்சக்கா சிரிக்கவில்லை. முதுகைப் பார்த்ததும் அவளுக்கு வேலை நினைப்பு வந்துவிட்டது.

"முகவாயைத் தூக்குங்க. தோளை முன்னாடி கொண்டு வாங்க. இன்னும் கொஞ்சம். பயப்படாதீங்க, ஒண்ணும் வலிக்காது." குரலே மாறிவிட்டது. "மூச்சை இழுங்க."

இருவரும் இழுத்தார்கள்.

"பிடிங்க. அசையாதீங்க."

ஓரத்தில் நின்ற தங்கையும் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க."

விட்டார்கள். சுவரைப் பார்த்தபடியே அவர் பொத்தானை அமுக்கினார்.

7

திரையில் வந்த படத்தில் வாய் பாதி திறந்திருந்தது. உதட்டுச் சாயம் ஒரு பல்லில் பட்டிருந்தது. தோள் இறங்கியிருந்தது. யாரோ ஒருவர் தன் சொல்லைக் கேட்டு, நின்று, சரியாகச் செய்துவிட்டார் என்கிற சந்தோஷம் அந்த முகம் முழுக்க இருந்தது. அவளிடம் வந்தவர்கள் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் எல்லாரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டல்லவா நிற்கிறார்கள்.

"இது இப்ப எடுத்ததா?" என்றாள்.

"இப்பத்தான் மேடம்."

அவள் திரைக்குப் பக்கத்தில் போனாள். முதலில் எடுத்த பலூனையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வேலை பழகிய கண், இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழுத்திலும் தோளிலும் உடனே படித்துவிட்டது.

"மூச்சப் பிடிச்சிருக்கேன்" என்றாள். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷமா என் மூஞ்சி இல்லடி அது. நான் மூச்சப் பிடிச்சிருக்கேன்."

தங்கை பையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். வாயாடிகள் அழுதால் தாங்க முடியாது, எழுதவும் வராது. நகர்ந்துவிடுகிறேன்.

8

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். 'நீங்களும் மூச்சை விடுங்கள் வாசகரே' என்று ஒரு கடைசி வரிகூட எழுதினேன். மறுநாள் காலையில் படித்தபோது எனக்கே காது சிவந்துவிட்டது, அடித்துவிட்டேன்.

அதைவிட, சிக்கல் இன்னும் தீரவில்லை. ஃபோட்டோக்காரர் இரண்டு படங்களை அனுப்பியிருக்கிறார். ஒன்று, அந்தத் திறந்த வாய். மற்றொன்று, தான் மூச்சைப் பிடிப்பதை அவளே கண்டுபிடித்த பிறகு, பாதி விட்டும் பாதி பிடித்தும் எடுத்தது. பலூன் இல்லை. வாய் மூடி, பல் தெரியாமல், கொஞ்சம் கண்டிப்பாக, தலைவர் மாதிரி இருக்கிறாள். ஆபீஸ் கேட்டது இதைத்தான்.

முடிவு அ: வாய் திறந்த படம் பலகையில் ஏறுகிறது. அண்ணனைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தவர் அதைக் காட்டி, "அந்தச் சிரிச்ச முகத்து மேடம் பாத்துட்டாங்களா?" என்று, முகக்கவசம் போட்டு நிற்கும் மூச்சக்காவிடமே கேட்கிறார். சிரிப்பு வருகிறது. ஆனால் அவளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

முடிவு ஆ: கண்டிப்பான படம் ஏறுகிறது. யாரும் எதையும் கேட்பதில்லை. அவளும் நாளடைவில் அந்தப் படத்தைப் போலவே ஆகி

இல்லை, அவள் அப்படி ஆகிறவள் இல்லை. இது என் சோம்பேறித்தனம்.

முடிவு இ: முகமில்லாத அந்த டை. இதை எழுதினால் என் மனைவி என்னைச் சும்மா விட மாட்டாள்.

9

வெள்ளிக்கிழமை. மூச்சக்கா வேலைக்குக் கிளம்பும் முன் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நிர்வாக அலுவலரின் முகவரியைப் போட்டாயிற்று. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகங்கள். நாற்காலிக்குப் பின்னால் வீடே கூடி நிற்கிறது.

"கண்டிப்பா இருக்கறத அனுப்பு" என்கிறார் கணவர். "இதப் பாத்தா எவனும் வாலாட்ட மாட்டான்."

"அம்மா, மத்ததுதான் நீ" என்கிறாள் மகள்.

"மத்ததுதான், ஆனா அந்தப் பல்லுல இருக்கறத மட்டும் அழிச்சுடலாம்க்கா" என்கிறாள் தங்கை.

நானும் சும்மா இருக்கவில்லை. திறந்த வாய்தான் கதைக்கு நல்லது என்று அவள் காதில் ஓதிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போறீங்களா" என்றாள் மூச்சக்கா, திரும்பாமலேயே.

கணவர் செய்தித்தாளோடு போனார். மகள் போனாள். தங்கை 'அந்தப் பல்லு' என்று ஆரம்பித்து, அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் நின்றேன். எழுதுகிறவனை யார் வெளியே அனுப்ப முடியும் என்கிற மெத்தனம்.

"உங்களையுந்தான் சார். என் மூஞ்சியப் பத்தி நீங்க பேசினது போதும்."

வெளியே வந்துவிட்டேன். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கூடத்தில் நிற்கிறோம்.

உங்களை மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தேன். இவ்வளவு நேரம் கூடவே இருந்தும் அவள் முகத்துக்கு ஒரு யோசனையும் சொல்லாதவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். அவள் எதை அனுப்புகிறாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து எங்களிடம் சொல்ல வேண்டாம்.